ஆறு மாதத்தில் வந்த அமானிதம்

பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் "ஆணா, பெண்ணா?" என்று கேட்பதுதான் வழமை. எங்கள் சாச்சிக்குப் பிள்ளை கிடைத்த அன்று அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. "உசிரோட இருக்குதா?" என்றுதான் கேட்டார்கள். 27ஆவது வாரத்தில், 900 கிராம் நிறையோடு பிறந்த பெண்பிள்ளை அது. பிறந்தவுடனேயே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போய்விட்டார்கள். "எல்லாத்தையும் டொக்டர்மாரும் மிஷினும் பாக்குது. எனக்கு அங்க என்ன வேலை இருக்கு?" என்று சாச்சி அழுதார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

கர்ப்பகாலம் சாதாரணமாக 40 வாரங்கள். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பவை குறைமாதக் குழந்தைகள். 28 வாரத்திற்கும் முன் பிறப்பவை மிகக் குறைமாதக் குழந்தைகள். உலகில் ஏறக்குறைய பத்துக்கு ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

கருவில் ஆறு மாதமே இருந்த பிள்ளை நமது மார்க்கத்திற்குப் புதிய விடயமல்ல. சுமப்பதும் பால்குடி மறக்கச் செய்வதும் 30 மாதங்கள் என்பது ஸூரா அல்அஹ்காஃபில் வருகிறது. பாலூட்டும் காலம் இரண்டு வருடங்கள் என்பது ஸூரா அல்பகராவில் வருகிறது. முப்பதில் இருபத்து நான்கைக் கழித்தால் எஞ்சுவது ஆறு. இதைக் கொண்டே கர்ப்பத்தின் மிகக் குறைந்த காலம் ஆறு மாதம் என்று அலி (ரழி) அவர்கள் விளக்கியதாக அறிவிக்கப்படுகிறது. மார்க்க அறிஞர்களும் அதையே ஏற்றுக்கொண்டுள்ளனர்.

ஏன் இத்தனை இயந்திரங்கள்?

நமது சுவாசப்பையின் சிற்றறைகள் மூச்சை விடும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம், அவற்றின் உட்சுவரில் படிந்திருக்கும் சர்பக்டன்ட் என்ற பதார்த்தமாகும். குறைமாதக் குழந்தையிடம் இது போதியளவு இருக்காது. 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பெட்ரிக் ஐந்தரை வாரம் முன்கூட்டிப் பிறந்தான். நிறை இரண்டு கிலோவுக்கும் மேல். எனினும் இந்தக் குறைபாட்டினால் இரண்டே நாளில் இறந்து போனான். அவனைக் காப்பாற்றும் வைத்தியம் அன்று உலகில் எங்குமே இருக்கவில்லை. 1972இல் நியூசிலாந்து வைத்தியர்களான லிகின்ஸ், ஹோவி ஆகியோர், பிரசவத்திற்கு முன் தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போட்டால் பிள்ளையின் சுவாசப்பை விரைவாக முதிர்கிறது என்று காட்டினர். 1980இல் ஜப்பானிய வைத்தியர் புஜிவாரா, சர்பக்டன்டையே மருந்தாகக் குழந்தையின் சுவாசப்பைக்குள் செலுத்திப் பயன் கண்டார். அந்த ஜனாதிபதியின் மகனைவிடப் பாதி நிறையுள்ள பிள்ளைகள் இன்று பிழைப்பது இவற்றால்தான்.

அந்த ஊசி பயன்பட வேண்டுமானால் தாய் நேரத்தோடு வைத்தியசாலைக்கு வந்து சேர வேண்டும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை படுவான்கரைத் தாய்மார் பலர் அவ்விடத்தில் பாதையிலேயே வாவியைக் கடந்தனர். இன்று பாலம் இருக்கிறது. ஆகவே ஏழாம் மாதத்திற்கு முன் வயிற்றுவலியோ, நீர்க்கசிவோ, இரத்தப்போக்கோ கண்டால் "விடியட்டும் பார்ப்போம்" என்று இருந்துவிடக் கூடாது.

உம்மாவின் வேலை

முதலாவது, பால். குறைமாதக் குழந்தையின் குடல் மிக மென்மையானது. அதைத் தாக்கும் கடுமையான அழற்சி நோயிலிருந்து காப்பதில் தாய்ப்பாலுக்கு இணையாக வேறொன்றுமில்லை. உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடும் ஆற்றல் ஏறத்தாழ 34ஆவது வாரமளவில்தான் வருகிறது. அதுவரை பாலைக் கறந்து, மெல்லிய குழாய் வழியாக இரைப்பைக்குக் கொடுப்பார்கள். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு ஓரிரு மில்லிலீற்றர் மட்டுமே. இரவு உட்பட ஒரு நாளைக்கு எட்டுத் தடவையளவில் கறந்தால்தான் பால் வற்றாது. சாச்சி முதல் நாள் கறந்தது ஒரு தேக்கரண்டிகூட வரவில்லை. அவர் வெட்கப்பட்டார். ஆனால் தாதி அதை வாங்கிப் பத்திரமாக வைத்தார். அந்த முதற்பால்தான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து.

இரண்டாவது, நெஞ்சு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்கியூபேட்டர்கள் போதாமற் போனபோது, வைத்தியர் எட்கார் ரே குழந்தைகளைத் தாய்மாரின் வெற்று நெஞ்சில் அணைத்து வைக்கச் செய்தார். இதுவே கங்காரு பராமரிப்பு. இதனால் குழந்தையின் உடற்சூடு நிலைக்கிறது, மூச்சு சீராகிறது, பாலும் கூடுகிறது. 2022இல் உலக சுகாதார ஸ்தாபனம், இதைப் பிறந்தவுடனேயே தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை செய்யலாம் என்று பரிந்துரைத்தது. எப்போது தொடங்குவது என்பதை வைத்தியரே கூறுவார். தாயையும் பிள்ளையையும் சேர்த்துத் துணியால் மூடிக்கொள்வதால் நமது பெண்கள் பேணும் மறைவுக்கும் குறை வராது.

வாப்பாவின் வேலை

கங்காரு பராமரிப்பை வாப்பாவும் செய்யலாம். பாங்கையும் அவர் மெல்லிய குரலில் சொல்லலாம். சாச்சா இன்கியூபேட்டரின் சிறு கதவருகே குனிந்து சொன்னபோது பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை. மொனிட்டர் சத்தமிடும் ஒவ்வொரு தடவையும் ஆபத்து என்று பயப்படாமல், அதில் தெரியும் இலக்கங்கள் எதைக் குறிக்கின்றன என்று தாதியிடம் கேட்டறிவதும், உள்ளே போகும்போதெல்லாம் கைகளை முழங்கை வரை கழுவுவதும் இருவருக்கும் பொதுவான கடமை.

வீட்டாரின் வேலை

எங்கள் மூத்தம்மா பேரீச்சம்பழத்தோடு வந்தார். தஹ்னீக் ஸுன்னத்தான காரியம்தான். ஆனால் வாயால் எதையும் விழுங்க முடியாத பிள்ளைக்கு அது ஆபத்தாகிவிடும். வைத்தியர் அனுமதிக்கும் வரை பிற்போடுவதே பொருத்தம். தேன் எந்தக் குழந்தைக்கும் ஒரு வயது வரை கொடுக்கக் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை பக்டீரியா நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். அகீகாவை ஏழாம் நாளில் கொடுக்க முடியாவிட்டால் பின்னர் கொடுக்கலாம். இதையெல்லாம் விளக்கியபோது மூத்தம்மா பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் முதல் காலையில் சாச்சிக்குச் சோறு சமைத்து அனுப்பினார். அதுதான் பெரிய உதவி.

வருத்தம் பார்க்கக் கூட்டமாகப் போகாமல் இருப்பதும் உதவியே. "பாரம் தூக்கினியா? நல்லாச் சாப்பிடல்லயா?" என்று தாயைக் கேட்கவே கூடாது. பல குறைமாதப் பிரசவங்களுக்கு வைத்தியர்களாலேயே காரணம் சொல்ல முடிவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் வீடு வந்து சேர்வதுமில்லை. பிள்ளையை இழந்த உம்மாவுக்குக் குற்றச்சாட்டு என்ற இரண்டாவது பாரத்தை நாம் ஏற்றிவிடக் கூடாது.

வீடு வந்த பின்

வீட்டிற்கு வந்ததோடு எல்லாம் முடிவதில்லை. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் முதிராமல் பிறப்பதால் கண் பரிசோதனை கட்டாயம் தேவை. அதற்குரிய திகதியைத் தவறவிட்டால் பார்வையே போகலாம். கேட்டற் பரிசோதனையும் அவசியம். மூன்று மாதம் முந்திப் பிறந்த பிள்ளை ஆறு மாதத்தில் மூன்று மாதப் பிள்ளை செய்வதையே செய்யும். அதை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடுவது தவறு. ஆனால் தடுப்பூசிக்குப் பிறந்த திகதியையே கணக்கில் எடுப்பார்கள்.

சாச்சியின் மகள் 73 நாட்களின் பின் வீடு வந்தாள். "எனக்கு அங்க என்ன வேலை?" என்று அழுத சாச்சியின் கொப்பியில் அந்த 73 நாளும் பால் கறந்த நேரங்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அவரது கேள்விக்கு அதுவே விடை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் எல்லாப் பெற்றோருக்கும் அல்லாஹ் பொறுமையையும், அவர்களது பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும் வழங்குவானாக! ஆமீன்.