ஒற்றைக் குரலும் ஒலிபெருக்கியும்

பாலக்காட்டின் பெயர் தாங்கிய மிருதங்க வித்துவான் மணி ஐயர் (1912–1981) மைக் இல்லாத கச்சேரியையே விரும்பினார். கருவியின் இயல்பான நாதம் மைக்கினால் கெடும் என்பது அவர் கருத்து. ஆயினும் இன்று கொழிஞ்சாம்பாறையில், கோயில் முற்றத்திலோ திருமணப் பந்தலிலோ தனியே பாடுபவர், ஒலிபெருக்கியின்றிப் பாடினால் தொண்டை புண்ணாகும். அவர் எத்தகைய பெட்டியைத் தேர்வது?

நாம் முதலில் கேட்பது எத்தனை வாட் என்பதே. 50 வாட்டை 100 ஆக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் ஏறும். செவிக்கு அது சிறு வேறுபாடே. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானாலோ 6 டெசிபெல் குறையும். ஆதலின், பெட்டியைத் தாங்கியில் ஏற்றிக் கேட்போர் தலைக்கு மேல் நிறுத்துவதே சிக்கனமான வழி. தாங்கியில் பொருந்தும் பெட்டியையே வாங்குவோமாக.

பெட்டியின் ஒலியை மைக் மீண்டும் வாங்குவதால் ஊளை எழுகின்றது. பெட்டி பாடகருக்குச் சற்று முன்னே, அவையை நோக்கி நிற்கட்டும். பின்புற ஒலியை மிகக் குறைவாகவே ஏற்கும் ‘கார்டியாய்டு’ மைக் நன்று.

குரலுக்கும் சுருதிப் பெட்டிக்கும் தனித்தனி இணைப்பும் தனித்தனிக் கட்டுப்பாடும் தேவை. மின்சாரம் நின்றாலும் கச்சேரி நில்லாதிருக்க, உள்ளேயே பாட்டரி உள்ளதா என்றும், முழு ஒலியில் அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்றும் வினவுவோம்.

இறுதியாக, கடையில் பதிவு செய்த பாட்டைக் கேட்டு மயங்காமல், நம் மைக்கில் நாமே மந்தரத்திலும் தாரத்திலும் பாடிப் பார்ப்போம். நம் குரல் நம் குரலாகவே ஒலித்தால், அதுவே நமக்குரிய பெட்டி.