படத்தில் உள்ள எழுத்து எங்கிருந்து வருகிறது?

2007 இல் படுவான்கரைக்குத் திரும்பிய குடும்பங்களுடன் ஒரு வட்டையின் வரம்புகளைத் தேடி நடந்தது எமக்கு நன்றாக நினைவிருக்கிறது. புல்லும் பற்றையும் மூடிக் கிடந்த நிலத்தில் வாய்க்கால் எது, வரம்பு எது என்று முதியவர்களே காட்டினார்கள். அவர்கள் சொன்னபடி பெரிய கடதாசியில் கீறினோம். பின்னர் கணனி தெரிந்த இளைஞர் ஒருவர் அதனைப் படம் வரையும் மென்பொருளில் அழகாக வரைந்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் உரியவரின் பெயரைத் தட்டச்சுச் செய்து தந்தார். மண்டபச் சுவரில் அதனை ஒட்டிய நாளில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அடுத்த பெரும்போகத்துக்கு முன்னரே பிரச்சினை வந்துவிட்டது. தாயொருவர் தமது வயலை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்திருந்தார். மகளுக்குக் காணி கொடுப்பது எமது பகுதியின் பழைய வழக்கம். நாம் வைத்திருந்த பெயர்ப் பட்டியலில் மகளின் பெயரை மாற்றி எழுதிவிட்டோம். சுவரில் இருந்த படத்தில் மாற்றவில்லை. பட்டியல் ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொன்னது. மருமகனும் தாயின் சகோதரரும் ஆளுக்கொரு கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு வாய்த்தர்க்கப்பட்டார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. பிழை எம்முடையது.

பிழை எங்கே இருந்தது? ஒரே விபரத்தை இரண்டு இடங்களில் தனித்தனியே எழுதி வைத்திருந்தோம். ஒரு பெயரை ஓர் இடத்தில் மட்டும் எழுதி, படத்தில் உள்ள எழுத்து அந்த இடத்தைப் பார்த்துத் தானாகவே வரும்படி செய்திருந்தால் இந்தச் சண்டை வந்திராது. இன்றைய மென்பொருட்களில் இது சாதாரணமான வசதி. உங்கள் காணி பற்றிய படங்களும் இன்று பெரும்பாலும் கணனியிலேயே வரையப்படுவதால், அது எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

இந்த யோசனை கணனிக்கு முந்தியது. பழைய நில அளவைப் படம் ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். துண்டுகளுக்குள் பெரும்பாலும் இலக்கம் மட்டுமே இருக்கும். துண்டின் பெயர், பரப்பு, உரிமை கோருபவர் ஆகிய விபரங்கள் அதனோடு சேர்ந்த பட்டியலில் இருக்கும். படத்தையும் பட்டியலையும் இணைக்கும் முடிச்சு அந்தத் துண்டு இலக்கமே. 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் சான்றிதழிலும் காணி இப்படியே அடையாளம் காட்டப்படுகிறது: வரைபட இலக்கம், பகுதி இலக்கம், துண்டு இலக்கம். ஆள் இறக்கலாம், காணி கைமாறலாம், பெயரின் எழுத்து மாறலாம். துண்டு பிரிக்கப்படாதவரை இலக்கம் மாறாது.

கணனியில் நடப்பதும் இதுவேதான். ஒரு பக்கம் வரைந்த உருவங்கள்; மறுபக்கம் எக்செல் போன்ற அட்டவணை. அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரு துண்டுக்குரியது. உருவத்துக்கு 14 என்ற இலக்கம் கொடுக்கப்பட்டிருந்தால், மென்பொருள் அட்டவணையில் 14 என்ற வரியைத் தேடி, அங்குள்ள பெயரையோ பரப்பையோ எடுத்து உருவத்தின் மேல் எழுதிவிடும். அட்டவணையில் திருத்தினால், புதுப்பிக்கும்படி கட்டளை கொடுத்ததும் படத்தில் உள்ள எழுத்தும் மாறும். ஒருவரும் படத்தைத் தொட வேண்டியதில்லை.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விசியோ என்ற மென்பொருளில் இந்த வசதி 2007 ஆம் ஆண்டுப் பதிப்பில் விரிவாக வந்தது. அட்டவணையின் வரியை இழுத்து உருவத்தின் மேல் விட்டால் இரண்டும் இணைந்துவிடும். அதன்பின் விபரத்தை எழுத்தாகவோ, அளவுக்கேற்ப நீளும் பட்டையாகவோ, சிறு குறியாகவோ, நிறமாகவோ காட்டலாம். எழுத்து உருவத்துக்கு மேலே இருக்க வேண்டுமா, பக்கத்திலா என்பதையும் ஒரு தடவை சொன்னால் போதும். எல்லாத் துண்டுகளுக்கும் அதே ஒழுங்கு வரும். ஆனால் விசியோ விலைகொடுத்து வாங்க வேண்டியது. காணிப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமானது கியூ.ஜி.ஐ.எஸ். 2002 இல் ஆரம்பிக்கப்பட்ட இந்த மென்பொருள் முற்றிலும் இலவசம். பூமியில் அந்தத் துண்டு உண்மையில் எங்கே இருக்கிறது என்பதையும் அது அறியும். உங்கள் பிள்ளைகளில் உயர்தரம் படித்தவர்கள் ஒரு கிழமை இருந்து பழகினால் போதும் என்பது எமது அனுபவம்.

இனி, எங்கே பிழைக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். அதில்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

முதலாவது, பெயரை முடிச்சாகப் பாவிப்பது. ஒரே வட்டையில் ஒரே பெயருடைய மூவர் இருப்பார்கள். ஒருவருடைய பெயரே அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் அனுமதிப்பத்திரத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். கணனிக்கு ஓர் எழுத்து வித்தியாசமும் வேறு ஆள்தான். ஆகவே துண்டு இலக்கமே முடிச்சாக இருக்க வேண்டும். பெயர் அந்த வரியில் உள்ள விபரங்களில் ஒன்றாக மட்டும் இருக்கட்டும்.

இலக்கத்திலும் பொறி இருக்கிறது. பிரிக்கப்பட்ட துண்டை 3/1 என்று எழுதினால் எக்செல் அதனைத் திகதி என்று நினைத்து ஜனவரி 3 அல்லது மார்ச் 1 என்று மாற்றிவிடும். 007 என்று எழுதினால் 7 மட்டும் மிஞ்சும். பிறகு படத்தில் உள்ள 3/1 துண்டு தன் வரியைத் தேடிக் காணாமல் வெறுமையாக நிற்கும். எழுதத் தொடங்குமுன் அந்த நிரலை ‘எழுத்து’ வகை என்று மாற்றி வைத்தால் இது நேராது. படித்தவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். மனித மரபணுக்கள் சிலவற்றின் குறியீட்டுப் பெயர்களை எக்செல் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020 இல் விஞ்ஞானிகள் எக்செலோடு போராடுவதை விட்டு அந்தப் பெயர்களையே மாற்றிக்கொண்டார்கள்! நாம் கிராமத்துத் துண்டு இலக்கங்களை மாற்ற முடியாது.

எமது நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல் பாமினி எழுத்து. பழைய பட்டியல்கள் பல பாமினியில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இருக்கும் கணனியில் மட்டுமே அது தமிழாகத் தெரியும். படத்துக்கு வரும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறும். முதலில் யூனிகோட் எழுத்துக்கு மாற்றிய பின்னரே பட்டியலை இணைக்க வேண்டும்.

ஒரு நாள் முதிய தாயொருவர் படத்தின் முன்னால் நின்று, “பாதர், என்ட வயல எடுத்துப் போட்டாங்களா?” என்று கேட்டு அழுதார். அவருடைய துண்டு சிறியது. பக்கத்துத் துண்டுகளின் எழுத்து மோதியதால் மென்பொருள் அவருடைய எழுத்தைக் காட்டாமல் விட்டிருந்தது. கியூ.ஜி.ஐ.எஸ். வழமையாக அப்படித்தான் செய்யும்: ஒன்றன்மேல் ஒன்று விழும் எழுத்துகளில் ஒன்றை மறைத்துவிடும். அட்டவணையில் அவருடைய வரி பத்திரமாக இருந்தது. மோதினாலும் எல்லாவற்றையும் காட்டு என்று ஒரு தெரிவு உண்டு; அதைப் போட்டு எழுத்தைச் சிறிதாக்கியதும் வந்துவிட்டது. அந்த அம்மாவை அரை மணித்தியாலம் அழவைத்தது அந்த ஒரு தெரிவுதான். ஆகவே படத்தில் உங்கள் துண்டு வெறுமையாக இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். “பட்டியலில் என் வரியைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். அதுபோல, படத்தில் உங்கள் பெயர் இருந்துவிட்டது என்று திருப்தியோடு திரும்பவும் வேண்டாம். பட்டியலில் பிழையிருந்தால் அடுத்த பிரதியில் அந்தப் பிழைதான் அச்சாகும்.

பரப்பு பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பழைய அனுமதிப்பத்திரத்தில் 2 ஏக்கர் என்றிருக்கும். ஓர் ஏக்கருக்கு 4 றூட், 160 பேர்ச்சஸ் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். புதிய படங்களிலோ ஹெக்டேயர் வருகிறது: 0.8094. இதனைப் பார்த்து ஓர் ஏக்கருக்கு மேல் பறிபோய்விட்டதென்று கோபத்தோடு வந்தவர்கள் உண்டு. ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய 2.471 ஏக்கர், ஆகவே 0.8094 ஹெக்டேயர் என்பது அதே 2 ஏக்கர்தான். எழுத்தை அட்டவணையிலிருந்து எடுக்கும்போதே பெருக்கி எழுதும்படியும் கட்டளையிடலாம். அப்போது துண்டின் மேல் இரண்டு அளவும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். எமது படங்களில் இப்போது அப்படியே செய்கிறோம்.

எல்லா விபரத்தையும் படத்தில் காட்டலாம் என்பதற்காக எல்லாவற்றையும் காட்டக்கூடாது. அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கடன் ஆகியவை அட்டவணையில் இருந்தாலும் சுவருக்கு வரத் தேவையில்லை. கணவரை இழந்து தனியாக வாழும் பெண்ணின் பெயரும் காணியும் பரப்பும் சந்தியில் தொங்குவது அவருக்குப் பாதுகாப்பல்ல. எமது சுவர்ப் படத்தில் துண்டு இலக்கமும் பரப்பும் மட்டுமே உண்டு. பெயர் கொண்ட பிரதி கமக்காரர் அமைப்பின் செயலாளரிடம் இருக்கிறது. இருவர் உரிமை கோரும் துண்டில் எந்தப் பெயரையும் எழுதுவதில்லை. அட்டவணையில் ‘விசாரணையில்’ என்று ஒரு நிரல் வைத்து, அப்படியான துண்டுகள் மஞ்சள் நிறத்தில் வரும்படி செய்திருக்கிறோம். நாம் நீதிபதிகள் அல்லவே. இந்தப் படங்கள் எவருக்கும் உரிமை தருவனவும் அல்ல. அதற்கு உறுதி, அனுமதிப்பத்திரம், அளிப்பு, நில அளவையாளரின் படம் ஆகியவையே வேண்டும்.

அச்சடித்த படம் அட்டவணையோடு சேர்ந்து மாறாது என்பதையும் மறக்கக்கூடாது. சுவரில் ஒட்டியது ஒட்டியதுதான். எனவே ஒவ்வொரு பிரதியின் மூலையிலும் எந்தத் திகதிய பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது என்று அச்சிடுகிறோம். கையில் இரண்டு படங்கள் இருந்தால் திகதியைப் பார்க்கலாம்.

சீதனக் காணியால் முரண்பட்ட அந்தக் குடும்பத்தின் துண்டு இப்போது மகளின் பெயரில் இருக்கிறது. தாயின் பெயரை நாம் அழிக்கவில்லை. ‘முன்னர் இருந்தவர்’ என்ற நிரலுக்கு மாற்றினோம். அது படத்தில் வருவதில்லை. வட்டைவிதானை கேட்டால் காட்டுகிறோம்.

அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்கு முன் உங்கள் வட்டைப் பட்டியலைப் பார்க்க வருவோர் அனுமதிப்பத்திரத்தின் அல்லது உறுதியின் போட்டோப் பிரதி ஒன்றைக் கொண்டுவாருங்கள். மூலப் பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும். இடம்பெயர்வில் பத்திரம் தொலைந்திருந்தால், உங்கள் துண்டின் நான்கு எல்லையிலும் யார் யார் செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். படத்தில் துண்டைக் கண்டுபிடிக்க எமக்கு அதுவே போதும்.