ஒரு புடைவையும் இரு திரைகளும்

மணப்பெண்ணுக்கான புடைவையின் படம் ஊரிலிருந்து வந்தது. எம் இல்லத்துக் கணினித் திரைகள் இரண்டில், ஒன்று அதனை அரக்கு என்றது. மற்றொன்று செங்கல் நிறம் என்றது. தாய்க்கும் மகளுக்கும் வழக்கு மூண்டது. கண்கள் பொய்க்கவில்லை; திரைகளே வேறுபட்டன.

இதற்கெனக் கலரிமீட்டர் என்னும் நிறமானி உண்டு. மனிதக் கண் நிறமுணரும் விதத்தை ஒட்டி, வடிகட்டிகளால் ஒளியைப் பகுத்தளப்பது அது. சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1931-இல் வகுத்த அளவே அதற்கு அடிப்படை. இரவல் பெற்ற கருவியைத் திரைமேல் பொருத்தினோம். இரண்டின் வெளிச்சத்தையும் சமமாக்கி, வெண்மையை 6500 கெல்வினுக்குக் கொணர்ந்தோம். மென்பொருள் ஒவ்வொரு திரைக்கும் தனித் திருத்தக் கோப்பு எழுதிற்று. இரண்டிலும் அரக்கே தெரிந்தது, வழக்கு தீர்ந்தது.

ஆயினும் அன்பர்களே, படமெடுத்த விளக்கின் பிழையை இக்கருவி திருத்தாது. பணம் அனுப்புமுன், புடைவையைப் பகலொளியில் கண்ட உறவினரின் சொல்லையும் கேளுங்கள்.