கடன் கொப்பி இருக்கிறது, மென்பொருளுக்கு?

தவணைக் கடனை எழுதி வைக்கும்படி சூரதுல் பகராவின் 282ஆவது வசனம் பணிக்கிறது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கடன் கொப்பி இல்லாத கடையைக் காண்பது அரிது. ஆனால் பில் போடும் மென்பொருளைப் பற்றி ஒரு தாளாவது நம்மிடம் உண்டா?

அதை எழுதிக் கொடுத்த தம்பி கட்டாருக்குப் போய்விட்டால் முதலாளி கைகட்டி நிற்க வேண்டியதுதான். வற் வரி 2022 ஜூனில் 12 வீதமானது, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. வீதத்தை மென்பொருளில் ஓரிடத்தில் வைத்தாரா, பத்து இடங்களில் வைத்தாரா? பழைய பில்லைத் திறந்தால் அன்றைய வீதம் வருமா, இன்றைய வீதம் வருமா? புதிதாக வருபவருக்கு யார் சொல்வது?

2004 சுனாமிக்குப் பின் நம் நாட்டுத் தொண்டர்கள் உருவாக்கிய அனர்த்த நிவாரண மென்பொருள் 'சஹானா'. அதன் நிரலைத் திறந்தே வைத்தார்கள். 2010இல் ஹெயிட்டி பூகம்பத்தின்போது பல நாட்டவர்களும் அதில் வேலை செய்தார்கள். ஆனாலும் நிரல் 'எப்படி' என்று காட்டுமே தவிர 'ஏன்' என்று சொல்லாது.

அதற்கு மைக்கல் நைகார்ட் என்ற மென்பொருளாளர் 2011இல் எளிய வழி சொன்னார். முக்கியமான ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஓரிரு பக்கம்: அன்றைய நிலைமை, எடுத்த முடிவு, அதனால் வரும் நன்மை தீமை. முடிவு மாறினால் பழைய தாளைக் கிழிப்பதில்லை, மாறியதென்று குறிப்பார்கள். (தீர்ந்த கடனை நாமும் கோடிட்டு அடிப்போமே, அதுபோல.)

கூடவே ஒரு படம்: கல்லாக் கணினி, ஸ்டோர், கணக்குச் சேரும் இடம், இடையே அம்புக்குறிகள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். படம் உங்களுக்கு விளங்காவிட்டால் திரும்ப வரையச் சொல்லுங்கள்.