எது பொருள், எது பண்பு?

நூலகமொன்றின் பதிவேட்டைக் கணிப்பொறிக்குள் ஏற்ற முற்படுகிறவர் முதலில் நிர்ணயிக்க வேண்டுவது, எத்தகைய யந்திரத்தை வாங்குவது என்பதன்று. தாம் பதியப்போகும் விஷயங்களுள் தனித்து நிற்கும் பொருள்கள் எவை, அவற்றைச் சார்ந்து நிற்கும் பண்புகள் எவை என்பதேயாகும். இப்பாகுபாட்டைப் பீட்டர் சென் என்னும் அறிஞர் 1976-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் வாயிலாகத் தெளிவுற வகுத்தார். பிறவற்றினின்று பிரித்து அடையாளம் காணத்தக்கது உருபொருள்; அதைப்பற்றி நாம் குறித்துவைக்கும் செய்தி பண்பு; உருபொருள்களை இணைப்பது உறவு. செவ்வகம், நீள்வட்டம், சாய்சதுரம் என முறையே இவற்றை வரைவது இன்று வழக்கம்.

கேட்பதற்கு எளிதாயினும், திருக்குறளை அந்தப் பதிவேட்டில் ஏற்றும்போது இதன் சூட்சுமம் புலனாகும். 1,330 குறள்கள் என்பது படைப்புக்கு உரிய பண்பு. போப்பையர் 1886-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பைப் பதியும்போது, மொழியும் மொழிபெயர்த்தவர் பெயரும் அப்படைப்பின் ஒரு வடிவத்தையே சாரும். பக்கங்களின் தொகை பதிப்புக்கு உரியது. அட்டை கிழிந்திருப்பதோ அலமாரியில் இருக்கும் அந்த ஒரு பிரதிக்கு மட்டுமே உரியது. நூலகச் சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனம் 1998-இல் வெளியிட்ட அறிக்கை, இந்நான்கையும் நான்கு உருபொருள்களாகவே பிரித்தது. இவற்றையெல்லாம் ஒரே பட்டியலில் குவித்தால், ஆசிரியர் பெயரைப் பிரதிதோறும் எழுத நேரும். ஓரிடத்தில் வள்ளுவர் என்றும் வேறோரிடத்தில் திருவள்ளுவ நாயனார் என்றும் பதிவாகி, தேடுகிறவருக்குப் பாதிப் புத்தகங்களே அகப்படும்.

உருபொருளைத் தனியே அடையாளம் காட்டும் பண்பைத் திறவு என்பர். அட்டையில் அச்சிட்டிருக்கும் ஐ.எஸ்.பி.என். பதிப்புக்கு உரிய எண்ணாதலால், ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகளைப் பிரித்தறிய அது உதவாது. ஒவ்வொரு பிரதிக்கும் நூலகத்தார் தாமே ஓர் எண் இடுவது இதனாலேயே. உறுப்பினரின் வயதைப் பதிவதும் வீண் வேலை. பிறந்த தேதி இருந்தால் வயதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பதிப்பகம் பண்பா, உருபொருளா? பெயர் மட்டும் போதுமெனில் பண்பு. அதன் முகவரியும் கொடுக்கல் வாங்கலும் வேண்டுமெனில் உருபொருள். ஆகவே, பதிவேட்டிடம் பின்னாளில் என்னென்ன கேட்கப்போகிறோம் என்பதை முன்னதாகவே எழுதிவைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு செவ்வகங்களை வரையத் தொடங்குங்கள்.