செல்போனுக்கு எல்லை தெரியாது, பில்லுக்குத் தெரியும்!

மாநாடுகளுக்குப் பேர் போன நகரம் ஜெனீவா. சுவிட்சர்லாந்து நாட்டில், ஒரு பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. ஐ.நா. சபையின் ஐரோப்பிய அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் இங்கேதான். டாக்டர்கள், விஞ்ஞானிகள், பேராசிரியர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள் என்று ஆண்டு முழுவதும் பலர் வந்து போகிறார்கள்.

வருகிறவர்களின் சட்டைப் பையில் செல்போன் இருக்கிறது. "சௌக்கியமாக வந்து சேர்ந்தேன்" என்று வீட்டுக்குச் சொல்ல அதுதான். ஓட்டலுக்கு வழி கேட்க அதுதான். மாநாட்டு நிகழ்ச்சி நிரலும் அதற்குள்தான். இன்டர்நெட் இல்லை என்றால் கை ஒடிந்தது போல் ஆகி விடும்!

ஆனால் செல்போன் எளிதில் ஏமாந்து போகும் ஊர் ஒன்று உண்டு என்றால், அது ஜெனீவாதான். ஏன்?

சுற்றிலும் பிரான்சு!

ஜெனீவா மாநிலத்தின் எல்லை சுமார் 107 கிலோ மீட்டர் நீளம். அதில் 103 கிலோ மீட்டர் பிரான்சு நாட்டை ஒட்டியது. சொந்த நாடான சுவிட்சர்லாந்தை ஒட்டி இருப்பது வெறும் 4½ கிலோ மீட்டர்தான்!

எல்லை தாண்டினால் மனிதனுக்குத் தெரியும். சாலையில் பலகை இருக்கும். ரேடியோ அலைக்கு அது ஏது? பிரான்சில் நிற்கும் கோபுரத்தின் அலை சுவிட்சர்லாந்துக்குள் வரும். சுவிட்சர்லாந்துக் கோபுரத்தின் அலை பிரான்சுக்குள் போகும். எந்த அலை கிடைக்கிறதோ, அதைச் செல்போன் பிடித்துக் கொள்ளும். சொந்தக்காரரிடம் சம்மதம் கேட்பது இல்லை.

அதனால் என்ன நஷ்டம்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2017-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி ஒரு நல்ல காரியம் செய்தன. ஒரு நாட்டு சிம் கார்டை மற்றொரு நாட்டில் பயன்படுத்தினால் போடப்பட்ட கூடுதல் கட்டணத்தை நீக்கின. பிரான்சு சிம் கார்டை ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அதே கட்டணத்தில் பயன்படுத்தலாம். அளவு மீறாமல் இருந்தால் போதும்.

ஆனால் சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் சேரவில்லை. அந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. பாரிசில் சிம் கார்டு வாங்கிக் கொண்டு ரெயிலில் ஜெனீவா வந்து இறங்குகிறவர், "இதுவும் ஐரோப்பாதானே!" என்று நினைத்தால் ஏமாந்து போக நேரிடும்.

ரோமிங் என்பது என்ன?

வெளியூரில் செல்போனைத் திறந்ததும், அது அந்த ஊர்க் கம்பெனியின் கதவைத் தட்டுகிறது. அந்தக் கம்பெனி, "இவர் உங்கள் வாடிக்கையாளரா?" என்று சொந்த ஊர்க் கம்பெனியைக் கேட்கிறது. "ஆமாம்" என்று பதில் வந்தால் கதவு திறக்கும். எல்லாம் சில வினாடிகளில் முடிந்து விடும். இதற்குத்தான் ரோமிங் என்று பெயர்.

ஜெனீவாவில் உட்கார்ந்து ஜெனீவா பஸ் நேரத்தைப் பார்த்தாலும், அந்தத் தகவல் பெரும்பாலும் சொந்த நாட்டுக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது! வெளியூர்க் கம்பெனி சொந்த ஊர்க் கம்பெனியிடம் பணம் கேட்கும். சொந்த ஊர்க் கம்பெனி வாடிக்கையாளரிடம் கேட்கும்.

செல்போன் சும்மா கிடந்தாலும் செலவு உண்டு. புகைப்படங்களைச் சேமிக்கும். செயலிகளைப் புதுப்பிக்கும். தூங்குகிறவருக்கு இது தெரியாது.

வலை பிறந்த இடம்

ஜெனீவாவின் ஓரத்தில் 'செர்ன்' என்ற அணு ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1954-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1989-ம் ஆண்டில் இங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர்தான் உலகளாவிய வலைக்குத் திட்டம் எழுதினார். 1993-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, "இதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்" என்று செர்ன் உலகத்துக்கே கொடுத்து விட்டது.

அந்தக் கூடம் இரண்டு நாடுகளின் எல்லை மீது இருக்கிறது. அங்கே பூமிக்கு அடியில் உள்ள 27 கிலோ மீட்டர் வட்டச் சுரங்கமும் எல்லையைத் தாண்டிப் போகிறது. வலை இலவசம்தான். ஆனால் அதைச் செல்போனுக்குக் கொண்டு வந்து சேர்க்கும் கோபுரத்துக்குக் கூலி உண்டு. அது எந்த நாட்டுக் கோபுரம் என்பதைப் பொறுத்துக் கூலியும் மாறும்!

என்ன செய்ய வேண்டும்?

புறப்படும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். ரோமிங் திட்டம் வாங்கினால், பட்டியலில் 'சுவிட்சர்லாந்து' என்று பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் 'பிரான்சு' இருப்பதும் அவசியம். 'ஐரோப்பா' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பக் கூடாது.

இப்போது 'இ-சிம்' வந்து விட்டது. அட்டை கிடையாது, செல்போனுக்குள்ளேயே பதிவு செய்து கொள்ளலாம். எல்லா செல்போனிலும் இந்த வசதி இல்லை. வசதி இருந்தால் வீட்டிலேயே பதிவு செய்து கொண்டு போகலாம். பழைய சிம் கார்டை எடுத்து விடக் கூடாது. பாங்கிலிருந்து ரகசிய எண் அதற்குத்தான் வரும். அந்த சிம் கார்டுக்கு 'டேட்டா ரோமிங்' என்பதை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும்.

விமானத்திலும் கப்பலிலும் செயற்கைக் கோள் வழியாக வரும் செல்போன் இணைப்புக்குத் தனிக் கட்டணம்; அது அதிகம். ஏறியதும் 'பிளைட் மோடு' போட்டு விடுவது நல்லது.

விமான நிலையங்களில் இலவச வைபை உண்டு. ஆனால் பல இடங்களில் அதைத் திறக்கும் எண்ணைச் செல்போனுக்கே அனுப்புகிறார்கள். சிக்னல் இல்லாத செல்போனுக்கு அந்த எண் எப்படி வரும்? ஓட்டல் முகவரியைத் தாளில் எழுதி வைத்துக் கொண்டவருக்குக் கவலை இல்லை.

பல்கலைக் கழகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு 'எடுரோம்' என்ற வசதி இருக்கிறது. சொந்தப் பல்கலைக் கழகம் அதில் சேர்ந்திருந்தால், அங்கே பயன்படுத்தும் பெயரையும் ரகசியச் சொல்லையும் கொண்டே நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் வைபை கிடைக்கும். செர்னிலும் கிடைக்கும். இதையும் ஊரிலேயே ஒரு முறை சோதித்துப் பார்த்து விட வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பிரயாணம் போகிறவர் புது நம்பர் வாங்கினால், புறப்படும் முன்பே வீட்டில் சொல்லி விட வேண்டும். வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே இருக்கலாம். அதை மாற்றத் தேவை இல்லை.

"வெளிநாட்டில் மாட்டிக் கொண்டேன், உடனே பணம் அனுப்பு" என்று தெரியாத நம்பரிலிருந்து செய்தி வந்தால் பதறக் கூடாது. பழைய நம்பருக்குப் பேசிப் பார்க்க வேண்டும். வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும். அது வரை ஒரு காசு கூட அனுப்பக் கூடாது.

எந்த நேரத்தில் பேசுவது என்பதையும் முன்பே முடிவு செய்து விட்டால், ஒரு மணி நேரம் செய்தி வரவில்லை என்று அம்மா சாப்பிடாமல் காத்திருக்க வேண்டியது இல்லை!