கிரிவலத்தில் ஒரு சட்ஜம்

திருவண்ணாமலை ராஜகோபுரத்துக்கு எதிரே நின்று பார்த்தால் மலை ஒற்றை முக்கோணமாக எழும்பி நிற்கும். செங்கம் சாலையில் ரமணாசிரமம் தாண்டி, வலப்பக்கம் கிரிவலப் பாதையில் திரும்பியதும் அதன் தோள் அகன்றுகொண்டே போகும். அடி அண்ணாமலையில் முதுகைக் காட்டும். குபேர லிங்கத்தை ஒட்டி ஓரிடத்தில் ஐந்து முகமாகத் தெரியும். ஜனங்கள் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். 14 கிலோமீட்டரும் நாம்தான் நடந்தோம். மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஒரு பௌர்ணமிக்கு அக்கா மகனோடு நடந்தேன். லேப்டாப்பில் டிரான்ஸ் என்கிற மின்னணு நடன இசை அமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். அக்னி லிங்கம் தாண்டும்போது கேட்டான்: “நாலே நாலு கார்டு மாமா, திரும்பத் திரும்ப வருது. ஆனா அலுக்கவே மாட்டேங்குதே, ஏன்?” பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கிற எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று.

டிரான்ஸ்காரர்களுக்குப் பிரியமான வேகம் நிமிடத்துக்கு 138 தாள அடி. ஒரு கார்டுக்கு நான்கு அடி என்று வைத்தால், நான்கு கார்டும் ஒரு சுற்று வர ஏறக்குறைய 7 வினாடி. ஏழு நிமிடப் பாட்டில் அறுபது சுற்று. கிரிவலத்துக்கு மூன்றரை மணி நேரம் பிடித்தால், நாம் ஒரு வலம் முடிப்பதற்குள் அந்தக் கார்டு வரிசை 1,800 வலம் வந்திருக்கும். வெறும் திரும்பத் திரும்பச் சொல்லலாக இருந்தால் காது பத்தாவது சுற்றிலேயே கழன்றுகொள்ளும்.

கார்டு என்றால் குறைந்தது மூன்று சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது. மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்கிறோம். நம் தம்புராவுக்குள்ளேயே ஒரு கார்டு குடியிருக்கிறது. ஜீவாளி நூலைச் சரியாக ஒதுக்கிவைத்து மீட்டினால், யாரும் கட்டாத அந்தர காந்தாரம் தந்தியிலிருந்து தானாகக் கிளம்பும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். சட்ஜத் தந்தியின் அதிர்வுக்குள் அதன் ஐந்து மடங்கு அதிர்வும் சேர்ந்திருப்பதுதான் காரணம். சட்ஜம், பஞ்சமம், அந்தக் காந்தாரம் மூன்றும் சேர்ந்தால் அது மேஜர் கார்டு. கீபோர்டில் வரும் காந்தாரம் இதைவிட அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு கூடுதலாக ஒலிக்கும். தம்புராவில் பழகிய காதுக்கு அது லேசாகக் குத்தும்.

வீட்டில் கீபோர்டு இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஒரு கட்டை சுருதி, வெள்ளைக் கட்டைகள் மட்டும் போதும். வலது கையால் மேல் சட்ஜத்தை அழுத்திப் பிடியுங்கள். அதை விடவே கூடாது. இடது கையில் முதலில் த-ச-க. இது ஏ மைனர். உங்கள் சட்ஜம் கொஞ்சம் ஏக்கமாகக் கேட்கும். அடுத்து ம-த-ச, எஃப் மேஜர். அதே சட்ஜம் மார்பை விரித்துக்கொண்டு நிற்கும். பிறகு ச-க-ப, சி மேஜர். சொந்த வீட்டில் உட்கார்ந்தது போல இருக்கும். வலது கை அசையவே இல்லை. நடந்ததெல்லாம் இடது கைதான்.

நான்காவதாக ப-நி-ரி, ஜி மேஜர். இப்போது சட்ஜத்துக்கு இடமில்லை. பக்கத்திலேயே அரைச்சுரத் தொலைவில் நிஷாதம் உரசுகிறது. அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். கையை எடுக்காமல் பொறுத்துக்கொண்டு மறுபடி முதல் கார்டுக்குப் போங்கள். பஞ்சமம் தைவதமாகிறது, நிஷாதம் சட்ஜமாகிறது, ரிஷபம் காந்தாரமாகிறது. மூன்றும் சொல்லிவைத்தாற்போல ஆளுக்கொரு படி ஏறுகின்றன. மற்ற மூன்று மாற்றங்களிலும் ஏதாவது ஒரு சுரமாவது பொதுவாகத் தங்கும். இந்த இடத்தில் மட்டும் எதுவும் தங்குவதில்லை. தொங்கிக்கொண்டிருந்த சட்ஜத்துக்கு அதே நொடியில் இடம் கிடைக்கிறது. டிரான்ஸ் கேட்கிறவர்கள் கண்ணை மூடிக் கையைத் தூக்குவதெல்லாம் பெரும்பாலும் இப்படியொரு திரும்புதலில்தான்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சந்தோஷம். அழுத்திய சுரங்களெல்லாம் சங்கராபரணத்தின் சுரங்கள். ஆனால் மைனர் கார்டில் தொடங்கித் தொடங்கி, காது தைவதத்தையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். சங்கராபரணத்தின் தைவதத்தைச் சட்ஜமாக்கினால் நடபைரவி. ஆக நாம் கிரகபேதத்தின் வாசற்படியில் நின்றுகொண்டிருக்கிறோம். உள்ளே போவதா வெளியே போவதா என்று காது முடிவு செய்வதற்குள் அடுத்த சுற்று வந்துவிடுகிறது.

அந்தத் திரும்புதலுக்காகக் காத்திருக்கும் எதிர்பார்ப்புக்கு உடம்பில் தடயம் இருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குப் புல்லரிக்கிற இசையைக் கேட்டவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். உச்சம் வந்த பிறகு மட்டும் டோபமைன் சுரக்கவில்லை. வரப்போகிறது என்று தெரிந்த சில வினாடிகளிலேயே மூளையின் வேறொரு பகுதியில் சுரக்கத் தொடங்கிவிட்டது. கோபுரம் கண்ணில் படுவதற்கு முன்பே, ஈசான்ய லிங்கம் வந்ததுமே, காலில் தெம்பு வருகிறதே, அது மாதிரி.

ஆதாரம் அசையாமலும் மின்னணு இசையைச் செய்திருக்கிறார்கள். 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா இசைக்கலைஞர், ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808 கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுவெளியீடு ஆனபோதுதான் உலகம் வியந்தது. அதில் அடிச்சுருதி நகராது, ராகம் நடக்கும். டிரான்ஸில் மெட்டு சின்னது, தரை நகரும். இரண்டையும் ஒரே பாட்டில் இழைக்க முடியும் என்று தமிழ்க் காதுக்குப் பழக்கியவர் இளையராஜா. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர், ‘ரமண மாலை’ தந்த ரமண பக்தர். இந்த ஊருக்கு அவர் அந்நியரில்லை.

டிரான்ஸ் கார்டுகள் ஏன் அவ்வளவு பெரிதாக ஒலிக்கின்றன என்பதற்கும் கிரிவலப் பாதையிலேயே விடை கிடைத்தது. ரோலண்டின் ஜேபி-8000 சிந்தசைசரில் ‘சூப்பர்சா’ என்றொரு ஒலி. ஒரே சுரத்தை ஏழு அலைகள் பாடும், ஒன்றுக்கொன்று மயிரிழை சுருதி விலகி. அந்த விலகல்கள் ஒன்றோடொன்று மோதுவதால் ஒலி மினுமினுத்து விரிகிறது. கூட்டம் ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ போடும்போது நடப்பதும் அதேதான். ஒருவர் குரலும் இன்னொருவர் சுருதியில் சரியாக உட்காராது. எல்லாம் சேர்ந்துதான் அந்த மலை அதிர்கிற ஒலி.

அக்கா மகன் அன்று அந்த அரோகராவைப் போனில் பிடித்துக்கொண்டான். இரண்டு வாரம் கழித்துத் தன் பாட்டைப் போட்டுக் காட்டினான். அதே நான்கு கார்டு. நான்காவது கார்டில் தாளத்தை நிறுத்தி, சட்ஜத்தை மட்டும் தனியாகத் தொங்கவிட்டிருந்தான். கூட்டத்தின் குரல், ஏ மைனருக்குத் திரும்புகிற அந்த ஒரு அடியில் வந்து விழுந்தது.